வில்லிங்டன் பிரபு

வில்லிங்டன் பிரபு எனப் பரவலாக அறியப்படும் பிரீமன் பிரீமன்-தாமசு, வில்லிங்டனின் முதலாம் மார்க்குவெசு (செப்டம்பர் 12, 1866 – ஆகஸ்ட் 12, 1941) பிரித்தானிய அரசியல்வாதியும் அரசவைப் பணியாளரும் ஆட்சியாளரும் ஆவார். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் லிபரல் கட்சி உறுப்பினராக இருந்த இவர், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனையில் பணியாற்றிய பின்னர் பம்பாய் மாகாண ஆளுநர், சென்னை மாகாண ஆளுநர், கனடாவின் தலைமை ஆளுநர், இந்தியாவின் வைசிராய் ஆகிய பதவிகளை அடுத்தடுத்து வகித்தார். சென்னை மாகாணத்தில் இரட்டை ஆட்சி முறை நடைமுறைக்கு வந்ததும் நீதிக்கட்சியின் முதல் அமைச்சரவை பதவியேற்றதும் இவரது ஆளுநர் காலத்திலேயே ஆகும்.

இவரது பெயர் வாட்டர்லூ போரில் வென்ற வெல்லிங்டன் கோமகனின் பெயருடன் சில வேளைகளில் குழப்பிக்கொள்ளப்படுகிறது. இருவரும் வெவ்வேறானவர்கள். குன்னூருக்கு அருகிலுள்ள வெல்லிங்டன் என்னும் ஊர் கோமகனின் பெயரால் அமைந்தது. கொச்சியிலுள்ள வில்லிங்டன் தீவு இவரது பெயரால் அமைந்தது.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் சசெக்சு பகுதியில் உள்ள இராட்டன் என்னும் இடத்தில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை படை அதிகாரி. தாய் மேபல், பிரித்தானிய மக்களவையின் அவைத்தலைவராக இருந்த என்றி பிராண்டின் மகள். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றார். சிறந்த துடுப்பாட்டக்காரரான இவர் கேம்பிரிட்ச் அணிக்காகவும் சசெக்சு அணிக்காகவும் விளையாடினார்.

1892 இல் பிராசி பிரபுவின் மகள் மேரி அடிலெய்டை மணந்தார். அதே ஆண்டில் தம் குடும்பப் பெயரைப் பிரீமன்-தாமசு என மாற்றிக்கொண்டார். பிராசி பிரபு ஆசுத்திரேலியாவின் விக்டோரியா குடியேற்றத்தின் ஆளுநராக இருந்தபோது அவருக்கு மெய்க்காவல் உதவியாளராகப் பணியாற்றினார். இவர்களுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் செரார்டு, முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் 1914 செப்டம்பரில் போர்க்களத்தில் இறந்தார்.

நாடாளுமன்றமும் அரண்மனையும்

1900 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஏசிட்டிங்சு தொகுதியிலிருந்து லிபரல் கட்சி சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1906 இல் அத்தொகுதியை இழந்தாலும் அதே ஆண்டில் நடைபெற்ற இடைத்தேர்தலில் பாட்மின் தொகுதியில் வென்று 1910 வரை உறுப்பினராக இருந்தார். 1910 இல் வில்லிங்டன் பிரபு என்னும் பட்டம் பெற்றுப் பிரபுக்கள் அவைக்குச் சென்றார்.

1911 முதல் 1913 வரை ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைப் பணிப்பிரபுவாக இருந்தார். இப்பதவி வெறும் சடங்குப் பதவி அன்று. இதனை வகிப்பவர் அரசு விழாக்களில் மன்னருடன் இருப்பதோடு, பிரபுக்கள் அவையில் ஆளும் கட்சிக்காகப் பேசவும் வேண்டும். மன்னருடன் டென்னிசு ஆடும் அளவுக்கு இவர் அரண்மனைக்கு நெருக்கமானவராக விளங்கினார்.

பம்பாய் ஆளுநர் (1913–1918)

1913 ஏப்ரலில் பம்பாய் ஆளுநரானார். 1915 சனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தி, கோகலேயின் சொற்படி இவரைச் சந்தித்தார். அரசு தொடர்பான எந்த நடவடிக்கையில் இறங்குவதற்கு முன்னும் தம்மை வந்து காணுமாறு வில்லிங்டன் கேட்டுக்கொண்டதாகக் காந்தி தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

ஐரோப்பியர் சங்கங்களில் இந்தியருக்கு இடமில்லாதிருந்த காலத்தில் இரு தரப்பினரையும் சேர்த்துக்கொள்ளும் வில்லிங்டன் விளையாட்டுச் சங்கத்தைப் பம்பாயில் நிறுவினார். ஆனால் தன்னாட்சி இயக்கத்தினரிடம் கடுமையாகவே நடந்துகொண்டார். 1918 சூனில் நடைபெற்ற போர் மாநாட்டில் திலகரின் பேச்சை இவர் இடைமறித்ததால் திலகரும் அவரைச் சார்ந்தவர்களும் வெளியேறினர். அவ்வாண்டு திசம்பரில் இவருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவதற்காக நகர மண்டபத்தில் கூட்டப்பட்ட கூட்டத்தை முகமது அலி சின்னாவின் தலைமையில் பொதுமக்கள் எதிர்த்தனர்.

சென்னை ஆளுநர் (1919–1924)

1919 ஏப்ரல் 10 அன்று சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டில் இயற்றப்பட்ட இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சி முறையைப் புகுத்தியது. சட்டம் ஒழுங்கு, நிதி, நிலவரி போன்ற துறைகள் ஆளுநரிடமும் அவரது நிருவாகக் குழுவிடமும் இருந்தன. கல்வி, பொதுநலம், தலத்தன்னாட்சி போன்றவை சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் அளிக்கப்பட்டன.

1920 நவம்பரில் நடைபெற்ற முதல் தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி வென்றது. கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பதவியேற்க மறுத்ததால் அ. சுப்பராயலு ரெட்டியார் திசம்பர் 17 அன்று முதலமைச்சரானார். உடல்நலக் குறைவால் அவர் விலகியதும் 1921 சூலையில் பனகல் அரசர் அப்பதவிக்கு வந்தார். பெரும்பான்மைக் கட்சியின் தலைவரை அழைத்து அவரது கருத்துப்படியே ஏனைய அமைச்சர்களை அமர்த்தும் வழக்கத்தை வில்லிங்டன் மேற்கொண்டார். சட்டம் இதனை வலியுறுத்தவில்லை. எனினும் பொறுப்பாட்சி மரபு ஒன்று இதனால் சென்னையில் வேரூன்றியது.

இக்காலத்தின் முதன்மையான நிகழ்வுகள்:

* 1921 – பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது.
* 1921 செப்டம்பர் – அரசுப் பணிகளில் பல்வேறு வகுப்பினரின் பங்கினை உறுதிசெய்யும் முதல் வகுப்புவாரி அரசாணை வெளியிடப்பட்டது.
* 1921 – பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் நெடிய வேலைநிறுத்தம் நடைபெற்றது. புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன.
* 1921 ஆகஸ்ட் – அன்று சென்னை மாகாணத்தின் மாவட்டமாக இருந்த மலபாரில் மாப்பிளைக் கிளர்ச்சி வெடித்துப் படைத்துறைச் சட்டம் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் திரூரிலிருந்து மூடிய தொடருந்துப் பெட்டியில் அனுப்பப்பட்ட கைதிகளில் 60க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தனர்.
* 1922 சனவரி – வேல்சு இளவரசரின் சென்னை வருகையின்போது கடையடைப்பும் கலவரமும் ஏற்பட்டன.

கொச்சித் துறைமுகத்தை விரிவாக்கும் பணிக்காகப் பொறியாளர் இராபர்ட் பிரிசுட்டோ 1920 இல் அங்கு அனுப்பப்பட்டதும் இவரது காலத்தில்தான். உப்பங்கழியைத் தூர்வாரி எடுத்த மண்ணால் உருவாக்கப்பட்ட தீவுக்கு வில்லிங்டனின் பெயர் சூட்டப்பட்டது.

கனடா (1926–1931)

1924 இல் வைகவுண்ட் பட்டம் பெற்றார். 1926 அக்டோபரில் கனடாவின் தலைமை ஆளுநரானார். அவ்வாண்டு நடைபெற்ற பேரரசு மாநாட்டின் முடிவுகளால், தலைமை ஆளுநர் பிரித்தானிய அரசின் முகவர் என்னும் நிலை மாறி, மன்னரின் சார்பாளர் மட்டுமே ஆனார். இவ்வாறு தன்னாட்சி வளர்ந்துவந்த ஒரு நாட்டிலிருந்தே இவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார்.

வைசிராய் (1931–1936)

காந்தி-இர்வின் உடன்படிக்கை கையெழுத்தான அடுத்த மாதத்தில், 1931 ஏப்ரல் 18 அன்று, வைசிராயாகப் பொறுப்பேற்றார். இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலிருந்து திசம்பர் இறுதியில் திரும்பிய காந்தி இவரைச் சந்திக்க விரும்பினார், வில்லிங்டன் இணங்கவில்லை. 1932 சனவரி 4 அன்று காந்தி கைது செய்யப்பட்டார். காங்கிரசு அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. அவசரச் சட்டங்கள் நாடெங்கும் பிறப்பிக்கப்பட்டன. ஒரே வாரத்தில், சனவரி 11 அன்று, திருப்பூரில் காவலரின் தடியடிக்கு ஆளான குமரன் உயிர்நீத்தார். பல்லாயிரக்கணக்கானோர் சிறை சென்றனர்.

தமிழ்நாட்டுடன் தொடர்புடைய இன்னொரு முடிவு கோயில் நுழைவு பற்றியது. தாழ்த்தப்பட்ட மக்கள் கோயில்களுக்குள் செல்ல வழிசெய்யும் சட்டமுன்வரைவைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவரப் ப. சுப்பராயன் முயன்றார். அதற்கு வைசிராயின் முன்னிசைவு தேவைப்பட்டது. 1933 சனவரியில் வில்லிங்டன் இசைவு மறுத்தார். இவ்வினா இந்தியா முழுமைக்கும் உரியது என்பது அரசின் நிலைப்பாடாக இருந்தது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1939 இல், இராசாசியின் அமைச்சரவைக் காலத்திலேயே நிறைவேறியது.

1934 இல் நடைபெற்ற நடுவண் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு மீண்டும் பங்கேற்றது. திருவரங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் தி. சே. சௌ. இராசன் அத்தேர்தலில் வென்றவர்களுள் ஒருவர். 1935 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி தொடங்கப்பட்டது. மாகாணத் தன்னாட்சி வழங்கிய இந்திய அரசுச் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது.

இறுதிக் காலமும் மதிப்பீடும்

பதவி முடிந்து நாடு திரும்பிய பின் 1936 இல் மார்க்குவெசு ஆக்கப்பட்டார். பிரித்தானியாவில் இறுதியாக உருவாக்கப்பட்ட மார்க்குவெசு பட்டம் இதுவே. 1941 ஆகஸ்ட் 12 அன்று இலண்டனில் காலமானார். இவரது சாம்பல் வெசுட்மினிசுட்டர் மடத்தில் வைக்கப்பட்டது. இளைய மகன் இனிகோ 1979 இல் மறைந்ததும் பட்டம் அற்றுப்போனது.

சென்னையில் அமைச்சர்களுடன் இணங்கிப் போன ஆளுநராகவும், தில்லியில் அடக்குமுறை வைசிராயாகவும் வில்லிங்டன் நினைவுகூரப்படுகிறார். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல என்று கருதவும் இடமுண்டு. சட்டமன்றத்துக்குள் வந்தவர்களுடன் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள இவர் ஆயத்தமாக இருந்தார்; அதற்கு வெளியே திரண்ட மக்கள் இயக்கத்தைப் பம்பாயிலும் தில்லியிலும் ஒரே வகையிலேயே எதிர்கொண்டார்.

தில்லியில் இவர் பெயரிலிருந்த மருத்துவமனை இன்று இராம் மனோகர் லோகியா மருத்துவமனை எனவும், விமானத்தளம் சப்தர்சங் எனவும் வழங்குகின்றன. இவரது மனைவியின் பெயரால் 1936 இல் திறக்கப்பட்ட பூங்கா இன்றைய லோதி தோட்டம் ஆகும். கொச்சித் தீவு பழைய பெயருடனேயே உள்ளது.