போலி விசையின் வரலாறும் முட்டம் கடலும்

போலி விசை என்பது, சுழலும் இடத்திலோ முடுக்கத்துடன் செல்லும் இடத்திலோ இருந்து பார்ப்பவர் நியூட்டனின் இயக்க விதிகளைப் பயன்படுத்துவதற்காகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் விசை ஆகும். மையவிலக்கு விசையும் கொரியோலிஸ் விசையும் இவ்வகையைச் சேர்ந்தவை. 'போலி' என்ற சொல்லைக் கேட்டதும் இவை பொய்யானவை என்று மாணவர் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள முட்டத்தில் வீசும் கச்சான் காற்றையும், அப்பருவத்தில் ஆழத்திலிருந்து மேலேறும் குளிர்ந்த நீரையும், 2017ஆம் ஆண்டில் அக்கடலைக் கலக்கிய ஒக்கி புயலையும் கரையில் நின்று விளக்க வேண்டுமானால் கொரியோலிஸ் விசையைச் சேர்த்தே ஆக வேண்டும். எது உண்மையான விசை என்ற கேள்விக்கு 350 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

உண்மை விசைக்கான அடையாளங்கள்

நாகர்கோவிலிலிருந்து முட்டம் செல்லும் பேருந்து ஒரு வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது, உள்ளே இருப்பவர்கள் இடப்பக்கம் தள்ளப்படுவதாக உணர்கின்றனர். சாலையோரம் நிற்பவருக்கோ அப்படித் தோன்றுவதில்லை. பயணிகள் நேராகச் செல்ல முயல்கின்றனர். பேருந்துதான் அவர்களுக்கு அடியில் திரும்புகிறது. இருக்கையும் கைப்பிடியும் அவர்களை உட்பக்கம் இழுத்துத் திருப்புகின்றன.

இதிலிருந்து இரண்டு அடையாளங்களைக் காணலாம். முதலாவது, உண்மை விசைக்கு அதைச் செலுத்தும் பொருள் ஒன்று இருக்கும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அப்பொருளின் மீது சமமான எதிர்விசையும் இருக்கும். பயணியை வெளியே தள்ளும் பொருள் என்று எதையும் காட்ட முடியாது. இரண்டாவது, உண்மை விசை பார்ப்பவரின் இடம் மாறுவதால் மறையாது. கைப்பிடியின் இழுப்பைச் சாலையில் நிற்பவரும் ஒப்புக்கொள்வார், வெளித்தள்ளலை ஒப்புக்கொள்ளமாட்டார். சாலையோரம் போன்று முடுக்கமில்லாத இடத்தை நிலைமக் குறிப்பாயம் என்று பாடநூல்கள் அழைக்கின்றன.

இவற்றோடு மூன்றாவது குறிப்பு ஒன்றும் உண்டு. போலி விசைகள் எப்போதும் பொருளின் நிறைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இக்குறிப்பின் முக்கியத்துவம் 20ஆம் நூற்றாண்டில்தான் வெளிப்பட்டது.

ஹைகன்ஸ் முதல் நியூட்டன் வரை

டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659இல் வட்ட இயக்கத்தை ஆராய்ந்து, மையத்தை விட்டு விலகும் போக்குக்கு மையவிலக்கு விசை என்று பெயரிட்டார். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டு சென்ற ஊசல் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் எடை குறைவதே இதற்குக் காரணம். புவியின் சுழற்சியும், சுழற்சியால் அதன் நடுப்பகுதி புடைத்திருப்பதும் இக்குறைவை உண்டாக்குகின்றன என்று நியூட்டன் 1687இல் வெளியிட்ட 'பிரின்சிப்பியா' நூலில் விளக்கினார்.

முட்டம் 8 பாகை வட அகலாங்குக்குச் சற்று மேலே உள்ளது. இங்கு மையவிலக்கு விளைவு ஈர்ப்பில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்கு. புவியின் வடிவம் மாறாமல் அதன் சுழற்சி மட்டும் நின்றுவிட்டால், இங்கு 60 கிலோ காட்டும் வில் தராசு சுமார் 200 கிராம் கூடுதலாகக் காட்டும். இத்தகைய எடை வேறுபாடுகளை அறிய, இந்திய நில அளவைத் துறையைச் சேர்ந்த பாசெவி 1865 முதல் 1871 வரை நாட்டின் பல இடங்களில் ஊசல் அளவீடுகள் செய்தார். குமரிமுனைக்கு அருகிலும் அவர் அளந்தார்.

நியூட்டன் தம் நூலில் நீர் நிரம்பிய வாளி ஒன்றைப் பற்றியும் எழுதினார். முறுக்கிய கயிற்றில் தொங்கும் வாளியைச் சுழலவிட்டால், நீரும் சேர்ந்து சுழலத் தொடங்கியபின் விளிம்பில் ஏறுகிறது. எனவே சுழற்சியை விளைவைக் கொண்டே அறியலாம் என்றும், அது தனிமுதலான வெளியைச் சார்ந்தது என்றும் அவர் கருதினார். எர்ன்ஸ்ட் மாக் 1883இல் இதை மறுத்தார். விண்மீன்கள் உள்ளிட்ட பிற பொருள்களைச் சார்ந்தே சுழற்சியைப் பேச முடியும் என்பது அவர் வாதம்.

கொரியோலிஸ் விசை

புவியின் சுழற்சி காற்றின் திசையைப் பாதிக்கிறது என்ற கருத்தை 1735இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஹாட்லி முன்வைத்தார். அவருடைய விளக்கம் முழுமையானதன்று. 1835இல் பிரெஞ்சுப் பொறியியல் அறிஞர் கஸ்பார் குஸ்தாவ் கொரியோலிஸ், நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களை ஆராய்ந்தபோது, சுழலும் அமைப்பில் நகரும் பொருளுக்கு மையவிலக்கு விசையோடு மற்றொரு விசையும் தேவை என்று கண்டார். பின்னாளில் காற்றுக்கும் கடலுக்கும் பயன்பட்ட விசைக்கு அவர் பெயரே நிலைத்தது. அமெரிக்கர் வில்லியம் ஃபெரல் 1856இல் அதை வளிமண்டலத்துக்குப் பொருத்தினார்.

இடையில் 1851இல் ஃபூக்கோ பாரிஸ் நகரின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் நீள ஊசலைத் தொங்கவிட்டார். அதன் அலைவுத் தளம் சுமார் 32 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. அதே ஊசலை முட்டத்தில் தொங்கவிட்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 7 நாள் ஆகும். நிலநடுக்கோட்டில் அது திரும்பவே திரும்பாது. தரையில் நிற்பவருக்கு ஊசல் திரும்புகிறது. விண்வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஊசலின் அடியில் புவி திரும்புகிறது.

கச்சான் காற்றும் மேலேறும் நீரும்

வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் மீது முட்டத்தில் செயல்படும் கொரியோலிஸ் விசை, அக்காற்றின் எடையில் சுமார் 50 ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. இவ்விசை மட்டும் செயல்பட்டால் காற்று ஒரு மணி நேரத்தில் சுமார் 4 பாகை வலப்புறம் திரும்பும். ஒரு நாளில் அது சுமார் 100 பாகை ஆகிவிடும். நீண்ட தொலைவும் நீண்ட நேரமும் கிடைக்கும் இயக்கங்களில்தான் இவ்விசை தன் வேலையைக் காட்டும். கைகழுவும் தொட்டியில் வடியும் நீர் இவ்விசையால் சுழல்கிறது என்பது தவறான நம்பிக்கை. சில வினாடிகளில் அது செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று, நிலநடுக்கோட்டைக் கடந்ததும் வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. அப்பருவத்தில் கேரள, குமரி மேற்குக் கரையையொட்டி வடமேற்கிலிருந்து காற்று வீசும்போது, கடலின் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு விலகி நகர்கிறது. அவ்விடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலேறுகிறது. அதில் மிதவை உயிரிகள் பெருகுகின்றன. சாளையும் நெத்திலியும் அவற்றை உண்டு பெருகுகின்றன. வடதுருவக் கடலில் பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக மிதந்து செல்வதை நான்சென் கண்டு கூற, அதற்கான கணக்கை சுவீடனைச் சேர்ந்த எக்மன் 1905இல் வெளியிட்டார். முட்டத்து வலையில் விழும் மீனுக்கும் அதே கணக்கு பொருந்தும்.

ஒக்கி புயல்

தாழ்வழுத்த மையத்தை நோக்கி நாற்புறமும் பாயும் காற்று நேராகச் சென்றுசேர்ந்தால் தாழ்வு விரைவில் நிரம்பிவிடும். வடஅரைக்கோளத்தில் அது வலப்புறம் விலகுவதால் மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 5 பாகைக்குள் இவ்விசை மிகக் குறைவு என்பதால் அங்குப் புயல்கள் உருவாவது அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே 1.4 பாகை அகலாங்கில் உருவான வாமெய் புயல் அரிய விதிவிலக்கு.

முட்டம் கடல் அந்த எல்லைக்குச் சற்று மேலேயே உள்ளது. 2017 நவம்பர் 29இல் இலங்கைக்கு அருகே இருந்த தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக்குத் தெற்கே ஒக்கி புயலாக வலுப்பெற்றது. அப்போது ஆழ்கடலில் படகுகள் இருந்தன. குமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

இதே புயலைப் புவிக்கு வெளியே, நிலைமக் குறிப்பாயத்தில் நின்று விளக்கினால் கொரியோலிஸ் விசை தேவைப்படாது. புவியோடு சேர்ந்து காற்றுக்கு ஏற்கெனவே ஒரு சுழற்சி உண்டு. அது மையத்தை நெருங்கும்போது, கைகளை உடலோடு சேர்க்கும் நடனக்காரர் வேகமாகச் சுழல்வதைப் போல, சுழற்சி வேகம் கூடுகிறது. விளக்கம் மாறினாலும், காற்றின் வேகமும் அலையின் உயரமும் கவிழ்ந்த படகும் இரண்டு விளக்கங்களிலும் ஒன்றே.

ஈர்ப்பும் போலி விசையா?

நிறைக்கு நேர் விகிதத்தில் இருத்தல் என்ற மூன்றாவது குறிப்பு ஈர்ப்பு விசைக்கும் பொருந்துகிறது. அதனால்தான் காற்றுத்தடை இல்லாதபோது கல்லும் இறகும் ஒன்றாக விழுகின்றன. தடையின்றி விழுபவர் தம் எடையை உணரமாட்டார் என்பதை 1907இல் சிந்தித்த ஐன்ஸ்டைன், 1915இல் பொதுச் சார்பியலை நிறைவு செய்தார். அதன்படி ஈர்ப்பு என்பது வெளி-காலத்தின் வளைவு. சிறிய இடத்துக்குள், தடையின்றி விழுபவருக்கு ஈர்ப்பு மறைந்துவிடுகிறது; தரை மேல்நோக்கித் தள்ளுவதே அளக்கத்தக்க விசையாக எஞ்சுகிறது. ஆனால் பேருந்துப் பயணியின் தள்ளலைப் போல ஈர்ப்பை முழுவதும் நீக்கிவிட முடியாது. புவி, நிலா போன்ற பொருள்கள் உண்டாக்கும் வளைவு எஞ்சியிருக்கும். கடலின் ஏற்றவற்றமே அதற்குச் சான்று.

ஆகவே 'போலி' என்ற சொல் விளைவைப் பற்றியதன்று; கணக்கு எழுதப்படும் இடத்தைப் பற்றியது. கொரியோலிஸ் விசையைச் செலுத்தும் பொருள் எதுவும் இல்லை என்பது உண்மை. புவி சுழல்கிறது என்பதும் உண்மை. சுழலும் புவியின் மீது வாழ்பவர்கள் வானிலையைக் கணிக்க அவ்விசையைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். இன்று வானிலை மையங்கள் பயன்படுத்தும் சமன்பாடுகளில் அது இடம்பெறுகிறது. முட்டத்திலிருந்து கடலுக்குச் செல்பவர்களுக்கு வரும் எச்சரிக்கை அந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது.