சர்வரில் ஏறிய தமிழ்: தனியாள் வலைப்பக்கங்களின் இருபதாண்டு (1995–2015)

குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் உள்ள இசைக் கல்வெட்டு, ஏறத்தாழ கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏழு ராகங்களுக்குரிய சுர வரிசைகளை மாணவர்களுக்காக ஊரறியப் பொறித்து வைத்தார்கள். ஆனால் 1904இல் அது கண்டறியப்பட்டு, பண்டார்க்கர் அதை ‘எபிகிராபியா இந்திகா’ என்ற கல்வெட்டு இதழின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்த பிறகே இசை ஆய்வாளர்கள் கைக்கு வந்தது.

பொதுவிடத்தில் வைப்பது ஒரு வேலை. படிக்கும்படி செய்வது இன்னொன்று. படியெடுத்துக் காப்பது மூன்றாவது. தமிழ் வலைப்பக்கங்களின் வரலாற்றையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால், முட்டுக்கட்டை எங்கே இருந்தது என்பது தெரியவரும்.

முதல் வேலைக்கான வழி எப்போதோ தயாராகிவிட்டது. கோப்புகளை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் எஃப்.டி.பி. நெறிமுறையை 1971 ஏப்ரலில் எழுதியவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அபய் பூஷண். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்தபோது இந்த நெறிமுறைக்கு வயது 24. ஜியோசிட்டீஸ் போன்ற தளங்கள் இலவசமாக இடமும் கொடுத்தன. பயனர் பெயர், கடவுச்சொல், முகப்புக்கு ‘இண்டெக்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு: பக்கம் ஏறிவிடும். விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாராமல் பெயர் வைத்த படம், யுனிக்ஸ் சர்வருக்குப் போனதும் காணாமல் போவதுதான் புதியவர்களுக்கு வழக்கமான தலைவலி.

அதைவிடப் பெரிய தலைவலி, படிக்கும்படி செய்யும் இரண்டாவது வேலையில் இருந்தது: எழுத்து. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995 அக்டோபரிலேயே தமிழை வலையில் ஏற்றிக் காட்டினார். ஆனால் ஆளுக்கொரு எழுத்துருவும் அதற்கொரு குறியாக்கமுமாக இருந்த காலம் அது. எழுதியவரின் எழுத்துருவை வாசகரும் இறக்கி நிறுவியிருக்க வேண்டும்; இல்லையென்றால் கண்ணில் படுவது தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு ஒரு பொது விசைப்பலகைக்கும் டாம், டாப் குறியாக்கங்களுக்கும் வழிவகுத்தது. இணையக் குழுக்களில் உருவான டிஸ்கி குறியாக்கம் அவற்றுக்கு இணையாக ஓடியது.

எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் உத்தி அடுத்து வந்தது. மைக்ரோசாஃப்டின் வெஃப்ட் கருவியில் உருவாக்கிய எழுத்துருக் கோப்பைச் சர்வரில் போட்டால், இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் தமிழ் தானாகத் தெரிந்தது. ஒரு சிக்கல்: அந்தக் கோப்பு குறிப்பிட்ட வலை முகவரிக்கென்றே பூட்டப்பட்டிருக்கும். தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினால் மறுபடி புதிதாகச் செய்தாக வேண்டும். விண்டோஸ் 2000 முதல், யூனிகோட் என்ற பொதுக் குறியாக்கத்தில் அமைந்த தமிழ் இயங்குதளத்திலேயே இடம்பிடித்த பிறகுதான் இந்தக் கட்டு அவிழத் தொடங்கியது.

மூன்றாவது வேலையின் அருமை 2009 அக்டோபர் 26 அன்று தெரிந்தது. யாஹூ வாங்கியிருந்த ஜியோசிட்டீஸ் அன்று மூடப்பட்டது. ‘ஆர்க்கைவ் டீம்’ தன்னார்வலர்கள் இயன்றவரை படியெடுத்தார்கள். அவர்கள் கைக்கு எட்டாமல் போனவையும் உண்டு. இதற்கு எதிர்முனையில் நிற்பது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய இந்த மின்னூல் முயற்சி, மயிலை எழுத்துருவிலிருந்து டிஸ்கிக்கும் பிறகு யூனிகோடுக்கும் தன் நூல்களை மாற்றிக்கொண்டே வந்தது. யார் வேண்டுமானாலும் படியெடுத்துப் பரப்பலாம் என்ற அனுமதியும் அதில் இருந்தது. ஒரே சர்வரை நம்பி நூல்கள் கிடக்கவில்லை.

2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தபோது, எழுதுகிறவருக்கு எஃப்.டி.பி. தெரிய வேண்டிய தேவையே போயிருந்தது. கூகுளின் பிளாக்கர் தளத்தில் தட்டச்சு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஏற்றும் வேலையும் எழுத்துச் சிக்கலும் தீர்ந்துவிட்டன. படியெடுத்து வைப்பதோ எழுதியவர் பொறுப்பிலேயே நின்றது: தன் பதிவுகள் முழுவதையும் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி பிளாக்கரின் அமைப்புகள் பக்கத்திலேயே இருந்தது.