மாமன்வழித் துவக்கு

எங்கள் குடும்பத்தில் ஒரு துவக்கு இருந்தது. "ஒல்லாந்தன் காலத்துத் துவக்கு" என்றுதான் அதற்குப் பெயர். எண்பதுகளின் நடுப்பகுதியில் அது வீட்டை விட்டுப் போயிற்று. யார் கொண்டு போனார்கள் என்பதை இங்கே கிளற வேண்டாம். படுவான்கரையில் துவக்கு வைத்திருந்த பல வீடுகளுக்கு அக்காலத்தில் இதே கதைதான்.

கடைசியாக அதை வைத்திருந்தவர் மண்டூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்த என் தாய்மாமன். பன்றியும் யானையும் வயலில் இறங்கும் காலத்தில், இரவு முழுவதும் பரணிலே அவரோடு அதுவும் விழித்திருக்கும். சில வருடங்களுக்கு முன் மாமியைப் பார்க்கப் போனபோது, பழைய தகரப்பெட்டிக்குள் இருந்து ஒரு கடதாசியை எடுத்துத் தந்தார். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி துவக்குக்கு லைசென்சு வேண்டும். அதற்காகக் கச்சேரியில் இலக்கம் கேட்டிருக்கிறார்கள். மாமா இரட்டைக் குழலைக் கழற்றி, அடிப்புறத்தில் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்திருக்கிறார். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குக் காட்டினார்கள். மாமாவுக்கு அதை யாரும் காட்டியதில்லை.

எமது இந்துக் கல்லூரியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்குத் துவக்கென்றால் முதலில் சொல்தான் நினைவுக்கு வரும். தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம், சிங்களத்திலும் துவக்குவ. எல்லாம் துருக்கி மொழியிலிருந்து வந்த ஒரே சொல்லின் பிள்ளைகள். குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் 'துப்பாக்கி'க்கும் இதற்கும் உறவில்லை என்பதை வருடந்தோறும் வகுப்பிலே சொல்ல வேண்டியிருக்கிறது. வருடந்தோறும் பின்வாங்கில் சிரிக்கிறார்கள்.

படியில் இருந்தவற்றை மெல்ல மெல்ல வாசித்தேன். ஒரு முடி, அதன் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள், இடைவெளிகளில் எழுத்துக்கள். இது இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், 1813இல் ஏற்பட்ட துவக்குப் பரிசோதனைச் சாலையின் முத்திரை. வழக்கத்துக்கு மேலாக மருந்தும் ஈயமும் இட்டுக் குழலை வெடிக்க வைப்பார்கள். பிளக்காமல் தாங்கிய குழலுக்கே முத்திரை. படியில் உள்ள வடிவத்தை 1904இல் மாற்றிவிட்டார்கள். ஆகவே எங்கள் குழல் அதற்கு முந்தியது.

எவ்வளவு முந்தியது? இடக்குழலின் படியில் 'நொட் போ போல்' என்ற ஆங்கில வாசகமும், 13, 15 என்ற இரண்டு எண்களும் தெளிவாக இருந்தன. ஒற்றைக் குண்டு போட்டுச் சுடாதே என்பது வாசகத்தின் பொருள். குழலின் வாய் உள்விட்டத்தை விட ஒடுங்கியது என்பதை எண்கள் சொல்கின்றன. துவக்குக் கணக்கில் எண் கூடினால் விட்டம் குறையும்; ஒரு இறாத்தல் ஈயத்தில் அந்த விட்டத்துக்கு எத்தனை குண்டு வார்க்கலாம் என்பதே கணக்கு. இந்த வாசகம் 1875இல் வந்த விதியால் ஏற்பட்டது. 1887இல் அதற்குப் பதிலாக வேறு சொல் வந்துவிட்டது. இடையில் பன்னிரண்டு வருடங்கள்தான். கல்வெட்டிலே மன்னனின் ஆட்சியாண்டு கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சியோ, அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு.

ஆனால் ஒல்லாந்தன் போய்விட்டான். அவர்களுடைய ஆட்சி இலங்கையில் 1796உடன் முடிந்தது. அக்காலத்துத் துவக்குகள் வாய்வழியாக மருந்து இடித்து, சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைப்பவை. கண்டி அரண்மனையில் ஒல்லாந்தர் 1765இல் கொள்ளையிட்ட பொருள்களில் ஆறு, 2023 டிசெம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. அவற்றுள் இருக்கும் இரு பெருந்துவக்குகளும் அந்த வகையே. நடுவில் மடித்துத் தோட்டா போடும் எங்களுடையது அவற்றின் பேரனுக்குப் பேரன்.

அப்படியானால் பழையவர்கள் பொய் சொன்னார்களா? இதை யோசித்துப் பல நாள் தூக்கம் கெட்டது. "ஐந்து கை மாறிய துவக்கு" என்பது வீட்டு வழக்கு. தகப்பனுக்குப் பிறகு மகன் என்று எண்ணி, கைக்கு நாற்பது வருடம் வைத்தால் ஒல்லாந்தர் காலம் வந்துவிடும். அப்படித்தான் யாரோ எண்ணியிருக்கிறார்கள். ஆனால் இது தகப்பன் வழியில் வந்ததல்ல. மட்டக்களப்பின் பழைய முக்குவர் வழமையில் முதுசம் சகோதரியின் ஆண்மக்களுக்கே போகும். கிறிஸ்தோபர் பிரிட்டோ அந்த வழமையை நூலாக்கியது 1876இல். 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து அதை முடித்துவைத்ததும் அதே ஆண்டில்தான். காணி பூமி சட்டப்படி போயிற்று. துவக்கு மட்டும் மாமனிடமிருந்து மருமகனுக்கு என்ற பழைய தடத்திலேயே நடந்திருக்கிறது. அக்காவின் மூத்த மகனுக்கும் கடைசித் தம்பிக்கும் வயது வித்தியாசம் பத்துப் பதினைந்துதான் இருக்கும். கைக்கு இருபது வருடம் வைத்துப் பாருங்கள். ஐந்து கைக்கு நூறு. 1985இலிருந்து பின்னே போனால் 1885! கைகளை எண்ணியவர்கள் சரியாகவே எண்ணினார்கள். பெருக்கியவர்தான் பிழைவிட்டார். முத்திரை குழல் பிறந்த காலத்தைத்தான் சொல்லும், எங்கள் வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது கை நானாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கடதாசி.

இன்னொரு வழக்கும் உண்டு. முதற்கையாக இருந்த பெரியவர் ஒற்றைக் குண்டால் ஒரு கொம்பன் யானையை வீழ்த்தினார் என்பார்கள். ஒடுங்கிய வாயுள்ள குழலில் முழு விட்டக் குண்டைப் போட்டால் யானைக்கு முன்னே சுடுபவருக்குத்தான் ஆபத்து. ஆனால் அக்காலத்து இரட்டைக் குழல்களில் இடக்குழலை மட்டும் ஒடுக்கி, வலக்குழலை நேராகவே விடுவதும் உண்டு. எங்கள் படியில் வலக்குழல் இருந்த பக்கம் எண்ணெய் ஊறி மங்கிப்போயிருக்கிறது. ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

மாமியிடம் இதை விளக்கினேன். பாக்கைச் சீவிக்கொண்டே கேட்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்:

"அதுக்கென்ன மகன், அவர் வலக்குழலாலதான் வெடி வெச்சவர்."