கண்டிச் சீமையின் உபதேசியார்மாரும் உபதேசியாரம்மாமாரும்

நமது பாடசாலையின் மிஷன் காலத்தைப் பற்றி நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது தயங்கினேன். நான் வைத்தியர், வரலாற்று ஆசிரியை அல்ல. அத்தோடு அந்தக் காலத்தைப் பற்றி நம் மலர்களில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. கப்பலேறி வந்த மிஷனரி அம்மையார், காய்ச்சல், முதல் வகுப்பில் இருந்த சில பிள்ளைகள், பின்னர் எழுந்த கட்டடங்கள் என்ற வரிசை நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் விடுதியில் என்னோடு இருந்தவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். எங்கள் வீடுகளுக்கு எழுத்து வந்து சேர்ந்த வழி அந்த வரிசையில் இல்லை. அது நம் பாடசாலை வாயிலுக்கு வெளியே, கலஹா, ஹேவாஹெட்டை, புசல்லாவை மலைகளில் நடந்த கதை. நமது கதையின் மறுபாதி அது என்பதால் அதையே எழுதுகிறேன்.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமானது. மூன்றே ஆண்டுகளில், 1818இல், சி.எம்.எஸ். எனப்படும் ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் சாமுவேல் லாம்பிரிக் கண்டிக்கு வந்துவிட்டார். அவருடைய நோக்கு சிங்கள மக்கள் மீதே இருந்தது. அப்போது இம்மலைகளில் தோட்டமும் இல்லை, தோட்டத் தமிழரும் இல்லை. 1830களிலும் 1840களிலும் கோப்பித் தோட்டங்கள் பெருகிய பிறகே திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாக ஏறினார்கள். வாந்திபேதியும் வயிற்றோட்டமும் பசியும் வழியில் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. கணக்கு வைக்க எவரும் அவசரப்படவில்லை என்றும் சொல்லலாம்.

1854ஆம் ஆண்டு கண்டியில் இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் உருவானது. அதே ஆண்டில் துரைமார் சிலரின் ஆதரவோடு, சி.எம்.எஸ். சங்கத்தின் கீழ், ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியது. பெயரைக் கேட்க இன்று நமக்குக் கூசுகிறது. அன்று அவர்களுக்குக் கூசவில்லை. முதற் பொறுப்பாளராக வந்த செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார் திருநெல்வேலியில் தமிழ் கற்று ஊழியம் செய்தவர். கண்டியில் இருந்த மிஷனரிமாருக்குச் சிங்களம் தெரியும், தமிழ் தெரியாது. ஆகவே திருநெல்வேலியிலிருந்தே உபதேசியார்மாரைத் தருவித்தார்கள். மிஷனரியின் சம்பளத்தைச் சங்கம் கொடுத்தது. உபதேசியார்மாரின் செலவுக்குத் துரைமார் சந்தா போட்டார்கள்.

இந்தச் சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சில துரைமார் உண்மையான பக்தியுடன் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, பிரசங்கம் கேட்ட கூலி குடிக்க மாட்டான், ஓட மாட்டான் என்ற கணக்கு இருந்தது. இன்னும் சிலர், எழுத்துத் தெரிந்தால் பிள்ளைகள் மலைக்குப் போக மறுப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தையே எதிர்த்தார்கள். உபதேசியார் இந்த மூன்று வகைத் துரைமாரையும் சமாளித்தாக வேண்டும். பெரிய கங்காணியின் தயவும் வேண்டும். லயத்து மக்களோ பெரும்பாலும் மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் நேர்ந்துகொண்டவர்கள். மதம் மாறியவர்கள் சிலரே. எங்கள் குடும்பமும் மாறவில்லை. ஆனால் உபதேசியாரிடம் எழுதப் படிக்கக் கற்றவர்கள் மாறியவர்களைவிட அதிகம். என் பார்வையில் அவர்கள் விட்டுச்சென்ற மிச்சம் இதுதான். தேவாலயப் பதிவேடுகளை மட்டும் வைத்து எழுதப்படும் வரலாறுகளில் இது தெரிவதில்லை.

உபதேசியார் தோட்டம் தோட்டமாக நடந்தார். காலையில் பெரட்டுக் களத்திலும் அந்தியில் லயத்திலும் மக்களைச் சந்தித்தார். பள்ளிக்கூடம் என்று தனிக் கட்டடம் பல இடங்களில் கிடையாது. லயத்து இஸ்தோப்பு, பழைய கொட்டில், சில இடங்களில் மரத்தடி. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அதன் பின் மலைகளை மூடியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் வந்து திரும்பிய மக்கள், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டியிருந்ததால் குடும்பத்தோடு தங்கினார்கள். லயத்தில் பிள்ளைகள் பெருகினார்கள். கொழுந்து பறிக்கும் கை பெண்ணின் கையாக இருந்ததால், வீட்டில் கைப்பிள்ளையைப் பார்க்கும் வேலை மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுந்தது.

கண்டி நகரில் அப்போது பெண்கல்விக்குக் குறையில்லை. 1879இல் மெதடிஸ்தர் மகளிர் உயர்தரப் பாடசாலையைத் தொடங்கினார்கள். 1890இல் ஹில்வூட், கண்டியச் சிங்களப் பிரதானிகளின் மகளிரை மனத்திற் கொண்டு உருவானது. அங்கெல்லாம் வந்த ஆங்கிலப் பெண்கள் திருமணம், ஊர், உறவு எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதில் பங்கு பெற்றவள் நானும். ஆனால் அந்த வகுப்பறைகளுக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு கணவாய் இருந்தது.

1907ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் துரைமீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதை மேலும் இறுக்கியது. காகிதத்தில் நல்ல சட்டங்கள். நடைமுறையில் ஓர் அறை, ஒரு மாஸ்டர், எல்லா வகுப்பும் சேர்ந்த ஒரே வகுப்பு. அரசாங்க நன்கொடை பிள்ளைகளின் தொகையைப் பார்த்தே வந்ததால் இடாப்பில் பெயர் சேர்ப்பது பெரிய காரியம். பல இடங்களில் மாஸ்டராக இருந்தவர் உபதேசியாரே.

இதே காலத்தில் கண்டிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு தொடர்பு ஏற்பட்டது. திரித்துவக் கல்லூரி அதிபர் ஏ.ஜி. பிரேசரை நம் தாத்தாமார் காலத்து ஆட்கள் நன்கு அறிவார்கள். உகண்டாவில் மிஷனரியாக இருந்துவிட்டு 1904இல் கண்டிக்கு வந்தவர். ஆங்கிலம் மட்டுமே கோலோச்சிய கல்லூரியில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடம் கொடுத்தார். மாணவர்களைக் கண்டி நகரின் சேரிகளுக்கு அனுப்பிச் சமூகசேவை செய்யவைத்தார். 1924இல் இங்கிருந்து விலகி, இன்று கானா எனப்படும் அன்றைய கோல்ட் கோஸ்டுக்குச் சென்று அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபரானார். அங்கே உதவி அதிபராக இருந்த ஜேம்ஸ் அக்ரே ஆப்பிரிக்கர். ஆணுக்குக் கற்பித்தால் ஒருவனுக்குக் கற்பித்ததாகும், பெண்ணுக்குக் கற்பித்தால் ஒரு நாட்டுக்கே கற்பித்ததாகும் என்று அவர் பெயரால் வழங்கும் பேச்சை நாமும் பரிசளிப்பு விழாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம், யார் சொன்னதென்று தெரியாமலே. அச்சிமோட்டாவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். உள்ளூர் மொழிகளும் கற்பிக்கப்பட்டன. பிரேசர் உகண்டாவிலும் கண்டியிலும் கற்ற பாடம் அக்ராவுக்கு அருகே பலன் தந்தது. கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தோட்டங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இதற்காக அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. தோட்டத்தின் வாயிலில் துரையின் சங்கிலி இருந்தது.

இனி என் அம்மாயியின் கதைக்கு வருகிறேன். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 1930களில் அவர் சிறுமி. அண்ணன் சிறு வயதிலேயே பேர் போட்டு மலைக்குப் போய்விட்டார். அம்மாயிக்குத் தம்பியைப் பார்க்கும் வேலை. உபதேசியாரின் மனைவியை எல்லோரும் உபதேசியாரம்மா என்பார்கள். அவர் லயத்துக்கு வந்து என் கொள்ளுப்பாட்டியிடம், “பிள்ளையையும் தூக்கிக்கிட்டே வரட்டும், அழுதா நான் பாத்துக்கிறேன்” என்றாராம். அப்படித்தான் அம்மாயி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். தம்பி அழும்போதெல்லாம் உபதேசியாரம்மா வாங்கிக்கொள்வார். மாஸ்டர் பெயரை இடாப்பில் எழுதினார். நன்கொடைக்கு ஒரு தலை கூடியது என்ற மகிழ்ச்சியும் அவருக்கு இருந்திருக்கும். மூன்று ஆண்டுகள் போனார். அதன் பிறகு கொழுந்துக் கூடைதான். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது, தையல் சொல்லித்தந்தது, குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்று லயம் லயமாகச் சொன்னது எல்லாம் உபதேசியாரம்மா. சம்பளம் உபதேசியாருக்கு மட்டும். தொண்டர் என்ற சொல்லுக்கு நேர்ப் பொருளில் அந்தத் தோட்டத்தில் ஒருவர் இருந்தாரென்றால் அது அவர்தான்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடம் அதற்கு வெளியே நின்றது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களையே வெளியே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பிப்பதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம். விண்ணப்பிப்பவர் தாம் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை மட்டுமல்ல, மனைவி வாழ்ந்ததையும் நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழே இல்லாத மக்களிடம் கேட்கப்பட்ட ஆதாரம் இது. மாஸ்டர் இரவில் லாந்தர் வெளிச்சத்தில் லயத்தாருக்கு விண்ணப்பம் நிரப்பினார். அம்மாயிக்கு ஆதாரம் எதுவென்று தேடியபோது கையில் கிடைத்தது அந்தப் பழைய வரவு இடாப்பு. தாத்தாவின் விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக் கடைசியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போய், சுமார் 134,000 பேருக்கே உரிமை கிடைத்த காலம் அது. பள்ளிக்கூடமே போகாத அண்ணனிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. 1964இல் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. அவரும் குடும்பத்தோடு தலைமன்னார்க் கப்பலில் போனார். நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் தேயிலை வேலை. அங்கிருந்து யாரையாவது கொண்டு எழுதுவித்த கடிதங்கள் வரும். அம்மாயி தாமே வாசிப்பார், தாமே பதில் எழுதுவார்.

1970களில் இன்னொரு வகைக் கிறிஸ்தவத் தொண்டர்களைக் கண்டி கண்டது. 1972இல் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அடிகளார் ‘சத்யோதய’ நிலையத்தைக் கண்டியில் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், வேறு வேறு மதத்தவரும், அங்கே சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து வேலை செய்தார்கள். கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகையும் ஏழைகளின் பக்கம் திருச்சபை நிற்க வேண்டுமென்று சொன்னவர். 1973, 1974 பஞ்சம் நம் அம்மாமாருக்கு நன்றாக நினைவிருக்கும். மாவும் அரிசியும் சுருங்க, கம்பளை, நாவலப்பிட்டி, கண்டித் தெருக்களில் தோட்டத்து மக்கள் கையேந்தி நின்றார்கள். அவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. பிரித்தானியத் தொலைக்காட்சி 1973இல் தேயிலைக் கோப்பையின் பின்னால் இருந்த பசியை அந்நாட்டு மக்களுக்குக் காட்டியது. 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் கண்டியில் உருவானபோது அதன் பின்னணியிலும் கஸ்பர்ஸ் அடிகளார் இருந்தார்.

பழைய மிஷனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. முன்னையது துரையின் சந்தாவில் நடந்தது, எனவே கூலியைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் வாய் திறக்க முடியவில்லை. பின்னையது சம்பளம், குடியுரிமை, காணி என்று பேசியது. 1979இல் இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் கஸ்பர்ஸ் அடிகளார் நின்றார். 2017இல் அவர் காலமானார். ஆனால் முன்னவர்கள் பயந்தவர்கள் என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இடாப்பில் எழுதப்பட்ட ஒரு பெயர் இல்லாவிட்டால் நான் இன்று எந்த நாட்டில், எந்த மொழியில் படித்திருப்பேனோ தெரியாது. அல்லது படித்தே இருக்க மாட்டேன்.

தோட்டங்கள் 1972, 1975 ஆண்டுகளில் அரசுடைமையாயின. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் 1977இலிருந்து சிறிது சிறிதாகப் பொறுப்பேற்றது. அந்த வழியாகத்தான் புலமைப்பரிசில் எழுதி, தகரப் பெட்டியோடு நம் விடுதிக்கு வந்தேன். அனுமதிப் படிவத்தில் பாதுகாவலர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் அம்மாயி ஒவ்வோர் எழுத்தாக, புள்ளி தவறாமல், தம் பெயரை எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொடுத்தவரின் பெயரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். “உபதேசியாரம்மாதான். பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களா என்ன?” என்பார் அம்மாயி. மிஷன் அறிக்கைகளில் உபதேசியார்மாரின் தொகை உண்டு, சிலரின் பெயரும் உண்டு. மனைவிமாரின் பெயர்கள் என் கண்ணில் படவில்லை. நம் பழைய மாணவியரில் உபதேசியார் வீட்டுப் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இருக்கக்கூடும். கனடாவிலோ இலண்டனிலோ திருநெல்வேலியிலோ இதை வாசிக்கும் அக்காமார், தங்கைமார் வீட்டில் பழைய படமோ, கடிதமோ, குடும்ப வேதப்புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதிவைத்த பெயரோ இருந்தால், அதன் பிரதியொன்றைச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். ஹேவாஹெட்டைப் பக்கம் 1930களில் இருந்தவராயின் எனக்குத் தனியாகவும் ஒரு வரி எழுதுங்கள்.