முதியோரின் ஞாபகசக்தியும் பரம்பரையலகுகளும்

நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ காணியின் எல்லை குறித்து ஐயம் எழுந்தால் ஊரவர் முதலில் நாடுவது வயது முதிர்ந்தவர்களையே. 1990ஆம் ஆண்டிலிருந்து தீவகத்தைத் துயரத்தில் ஆழ்த்திய இடப்பெயர்வுகளில் பல குடும்பங்களின் உறுதிகள் தொலைந்துபோயின. அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் நிலையும் வேறல்ல. முதியோரின் ஞாபகமே இரு சமூகங்களுக்கும் எஞ்சிய ஆவணம் எனலாம்.

நோயற்ற முதியவர்களிடையேயும் ஞாபகசக்தி வேறுபடுகின்றது. அதனைப் பரம்பரைக் குணம் என்று கூறி அமைதியடைவது நம்மவர் வழக்கம். இதில் பாதி உண்மை உண்டு. எண்பது வயதைக் கடந்த சுவீடன் நாட்டு இரட்டையர்களை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வு, ஞாபகத்திறனில் காணப்படும் வேறுபாட்டின் ஏறத்தாழ அரைவாசி பரம்பரையைச் சார்ந்தது எனக் காட்டியது.

இப்பரம்பரையலகுகளுள் பெரிதும் ஆராயப்பட்டது ஏ.பி.ஓ.ஈ. என்பதாகும். 19ஆவது நிறமூர்த்தத்தில் அமைந்துள்ள இது, கொழுப்பைக் காவிச்செல்லும் புரதம் ஒன்றை ஆக்குகின்றது. இதன் நான்காம் வகையைக் கொண்டோருக்கு அல்சைமர் நோய் ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பது 1993இல் தெரியவந்தது. 1932இல் பதினொரு வயதில் அறிவுத்திறன் பரீட்சை எழுதிய ஸ்கொட்லாந்துப் பிள்ளைகளை எண்பது வயதளவில் மீண்டும் சோதித்தபோது, இவ்வகை சிறுவயதுத் திறனைப் பாதிக்கவில்லை என்பதும், முதுமையில் ஏற்பட்ட தளர்வுடன் தொடர்புற்றிருந்தது என்பதும் தெளிவாயின. நமது பிராந்தியத்தில், ஹரியானாவின் பல்லப்கரில் நடைபெற்ற ஆய்வு, இவ்வகை அங்கு அமெரிக்கரிடத்திலும் பார்க்கக் குறைவாகக் காணப்படுவதாக அறிவித்தது.

எனினும் பரம்பரையலகு தலைவிதியன்று. நான்காம் வகையைக் கொண்ட பலர் இறுதிவரை தெளிவான நினைவுடன் வாழ்கின்றனர்; அது இல்லாத சிலரும் நோய்க்கு ஆளாகின்றனர். பரம்பரையை நாம் மாற்ற இயலாது. ஆனால் உயர் குருதியமுக்கம், நீரிழிவு, கவனிக்கப்படாத செவிப்புலன், பார்வைக் குறைபாடுகள், புகைத்தல், தனிமை ஆகியன மாற்றக்கூடியவை. இவை உள்ளிட்ட 14 காரணிகளைக் கட்டுப்படுத்தினால், உலகில் மறதிநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ 45 சதவீதமானோரிடத்தில் அந்நோயைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ இயலக்கூடும் என 2024இல் லான்செட் ஆணைக்குழு மதிப்பிட்டது.

தீவகத்தில் இவற்றுள் தனிமையே பெருங்குறை என நாம் கருதுகின்றோம். பிள்ளைகள் கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழ, வீட்டில் எஞ்சியிருப்போர் முதியவர்களே. நெடுந்தீவு முதியவர் ஒருவர் யாழ்ப்பாணத்திலுள்ள விசேட மருத்துவரைக் காண்பதற்குக் குறிகட்டுவான் வரை படகிலும், அதன்பின் வீதி வழியாகவும் செல்ல வேண்டியுள்ளது. கண், செவி, குருதியமுக்கப் பரிசோதனைகளைத் தீவுகளுக்கே ஒழுங்காகக் கொண்டுசெல்லும் நடமாடும் சேவையைச் சுகாதார அதிகாரிகள் உறுதிப்படுத்த வேண்டும்.

கோயில்களும் பள்ளிவாசல்களும் சனசமூக நிலையங்களும் முதியவர்களை அழைத்து, அவர்கள் அறிந்த காணி, கிணறு, குடும்ப வரலாறுகளை எழுதிப் பேணலாம். அது அவர்களின் தனிமையைப் போக்கும். ஊரின் ஆவணமாகவும் நிலைக்கும். அவர்களின் நினைவு தெளிவாயுள்ள இக்காலத்திலேயே இப்பணி தொடங்கப்படல் வேண்டும்.