பல்லாவரத்துக் கல்

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பது தெரியவந்தது. தாம்பரம் பக்கத்துக்காரர்களாகிய நமக்கு வாய்த்த ஒரே பெரிய சரித்திரச் செய்தி இது. எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. வாக்கியத்தில் பிழையில்லை. புத்தகத்துக்குப் புத்தகம் தாவி வந்ததில் அது எதை உதிர்த்துவிட்டது என்பதுதான் விஷயம்.

ஃபூட் அக்கல்லை மண்ணடுக்கிலிருந்து பெயர்த்தெடுக்கவில்லை. கன்டோன்மென்ட் அருகே தோண்டிய ஒரு சரளைக் குழியிலிருந்து வெளியே எறிந்த கற்களிடையே அது கிடந்தது. எந்த ஆழம், எந்த அடுக்கு என்று இனி அதனிடம் கேட்க முடியாது. சுருக்கி எழுதுகிறவர் முதலில் விடுவது இந்த விவரத்தைத்தான். விட்டபிறகு கல்லின்மேல் எந்த வயதையும் ஏற்றலாம்.

ஏற்றுவதற்கு வயதும் தயாராக இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கருவிகளைக் கண்டார்கள். அங்கே சரளைக்கு அடியில் இருந்த களிமண் கிரெட்டேஷியஸ் காலத்துப் பாறையின் சிதைவு என்று நெடுநாள் கருதப்பட்டது. மனிதனுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முந்திய அடுக்கில் தேட என்ன இருக்கிறது? ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்தெழுதினார். (பழைய பேரேடுகளைப் புரட்டியவனுக்குத் தெரியும்: முன்பக்கத்து மொத்தத்தை அடுத்த பக்கத்தில் எழுதுகிறவன் அதைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பதில்லை.) 1999இல் தொடங்கிய அகழாய்வில் சாந்தி பப்புவும் குழுவினரும் அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கருவிகளைக் கண்டார்கள். 2011இல் அவர்கள் அறிவித்த சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்ற கணக்கு அந்தக் களிமண்ணிலிருந்து வந்தது. பல்லாவரத்துக்கு அதில் பங்கில்லை.

வீட்டில் உட்கார்ந்து எத்தனை புத்தகங்களை ஒப்பிட்டிருந்தாலும் அந்தத் தவறு வெளிப்பட்டிருக்காது. பத்துப் பேர் ஒரே சேதியைச் சொன்னால் பத்துச் சாட்சி என்று நினைத்துக்கொள்கிறோம். ஒன்பது பேர் முதலாமவரைப் படித்தவர்கள். எலியட்டைப் பற்றிய புத்தகங்களைப் படித்துவிட்டு எலியட்டைப் பற்றி எழுதும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனாலும் வழிநூலை இகழ எனக்கு மனமில்லை. பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கருவிகள் மனிதன் செய்தவையே என்று 1859இல் பிரெஸ்ட்விச்சும் இவான்ஸும் உறுதிசெய்திருந்தார்கள். ஃபூட் தாம் பார்க்காத அந்த ஆற்றைப் பற்றிப் படித்திருந்தார். அந்தப் படிப்பு இல்லாவிட்டால் பல்லாவரத்தில் அவர் குனிந்திருக்கமாட்டார். படித்தது கண்ணைத் தயார் செய்தது. குனிவதை அது அவருக்காகச் செய்யவில்லை.

அத்திரம்பாக்கத்துக்குத் திரும்பிப் போக முடிந்தது. பல்லாவரத்தில் மிஞ்சியவை எழுத்தும் கல்லும்தான். ஃபூட்டின் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. அதன் அட்டவணை, 1912இல் அவர் இறந்தபின், 1914இலும் 1916இலும் இரண்டு பாகங்களாக அச்சானது. அதையே மூலமென்று கொள்வோர் உண்டு. 1866இல் சென்னையிலேயே வெளிவந்த அவருடைய கட்டுரை சரளைக் குழிக்கு இன்னும் அரை நூற்றாண்டு கிட்டத்தில் இருக்கிறது.