புகையைப் புதைக்கும் தொழிலும் அரசாங்க உதவியும்

விருத்தாசலத்து மாணவர்களுக்கு நெய்வேலியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. அந்தச் சுரங்கத்தில் கிடைத்த வெண்களிமண்ணைப் பெரிதும் துணைக்கொண்டே நம் ஊரில் பீங்கான் தொழில் வளர்ந்தது. ஆயினும், அங்கே எரியும் பழுப்பு நிலக்கரியிலிருந்து வானேறும் கரியமில வாயுவைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வாயுவைப் பிடித்து மண்ணுக்கடியில் புதைக்கும் முயற்சிகளின் வரலாற்றையும், அவற்றுக்கு அரசாங்கங்கள் கைகொடுத்த விதத்தையும், கைவிட்ட விதத்தையும் இங்கே சொல்ல விழைகின்றேன்.

முதலில் நெய்வேலியையே நோக்குவோம். 1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிறப் பொருள் ஒன்று நீரோடு வெளிவந்தது. அது மின்சாரமாக மாற 27 ஆண்டுகள் சென்றன. 1956-இல் மத்திய அரசு தன் முதலீட்டில் நிறுவனம் ஒன்றை அமைத்தது. 1957 மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்துடன் நீர் தேங்கி நின்றது. இரவு பகலாக அதனை இறைத்தாலன்றிச் சுரங்கம் நிலைக்காது. தனியார் எவரும் அத்தனை செலவைச் சுமந்து அத்தனை காலம் காத்திருக்க முன்வந்திருப்பார்களா என்பது ஐயமே. 1961-இல் நிலக்கரி கண்ணுக்குப் புலப்பட்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

கரியமில வாயுவைப் பிடிப்பது எங்ஙனம்? வகுப்பில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் மாணவர்களை மூச்சு ஊதச் செய்வேன். நீர் பால்போல் வெளுக்கும். சுண்ணாம்பு அவ்வாயுவைப் பற்றிக்கொண்டது என்பதே அதன் பொருள். ஆலையிலும் புகையை ஒரு வகைக் காரக் கரைசலின் வழியே செலுத்துகிறார்கள். கரைசல் வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும். பின்னர்க் கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும். அந்தச் சூட்டுக்கும், வாயுவை அழுத்துவதற்கும், மின்நிலையம் தான் ஆக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்க நேரும். விற்று லாபம் காணும் சரக்கும் அன்று அது. ஆகவேதான் அரசாங்கத்தின் துணை இதற்கு இன்றியமையாததாகிறது.

நார்வே நாடு இதில் முன்னோடி. 1991-இல் அந்நாட்டரசு கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்போர் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. ஸ்லைப்னர் வயலின் எரிவாயுவில் நூற்றுக்கு ஒன்பது பங்கு அவ்வாயு கலந்திருந்தது. அதைக் காற்றில் விட்டு வரி செலுத்துவதைவிடப் பிரித்துக் கடலடி மணற்பாறையில் செலுத்துவதே சிக்கனம் என்று கண்ட நிறுவனம், 1996 முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் புதைக்கத் தொடங்கியது. அந்த நிறுவனமும் அரசுக்குச் சொந்தமானதே.

பிரிட்டனின் கதை வேறு. 2007-இல் ஒரு போட்டியை அறிவித்து 2011-இல் கைவிட்டார்கள். மறு ஆண்டே 100 கோடி பவுன் பரிசுடன் மற்றொரு போட்டி; 2015 நவம்பரில் அதுவும் ரத்தாயிற்று. பல ஆண்டுகள் உழைத்துத் திட்டம் தீட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதே நாட்டரசு 2024 அக்டோபரில், 25 ஆண்டுகளுக்கு 2,170 கோடி பவுன் வரை தருவதாக அறிவித்தது. இடையில் வீணான காலத்துக்கு யார் கணக்குக் காட்டுவது?

நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரி எரிப்பது கனடாவின் பவுண்டரி டாம் மின்நிலையம். அந்நாட்டு மத்திய அரசு 24 கோடி டாலர் உதவ, மாகாண அரசின் மின்நிறுவனம் 2014-இல் அங்கே வாயு பிடிக்கும் ஆலையை இயக்கியது. தொடக்க ஆண்டுகளில் அது எதிர்பார்த்த அளவை எட்டவில்லை; ஆயினும் மூடிவிடாமல் பழுது பார்த்து நடத்தினார்கள். அமெரிக்காவின் கெம்பர் திட்டமும் பழுப்பு நிலக்கரியை நம்பியதே. 700 கோடி டாலருக்கு மேல் விழுங்கியபின் 2017-இல் அங்கே அம்முயற்சி கைவிடப்பட்டது. பணம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

நம் தமிழ்நாட்டிலும் ஒரு செய்தி உண்டு. 2016-இல் தூத்துக்குடியில் சோடா உப்பு ஆலையொன்று, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாகவே மாற்றும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அந்த ஆலை அரசு மானியம் இல்லாமலே நடந்தது. அதற்குரிய கரைசலை உருவாக்கியவர்கள் இந்திய இளைஞர்கள். இங்கே முதல் கிடைக்காமல் அவர்கள் லண்டன் சென்றார்கள். பிரிட்டிஷ் அரசு உதவித்தொகை தந்து வரவேற்றது! ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும்: சோடா உப்பைக் கண்ணாடி உலையில் இட்டால் பிடித்த வாயு மீண்டும் வெளியேறிவிடும். பயன்படுத்துதல் வேறு, புதைத்தல் வேறு.

இந்திய அரசு இத்துறையில் தாமதமாகவே அடியெடுத்து வைத்தது. 2022-இல் மும்பையிலும் பெங்களூரிலும் ஆய்வு மையங்கள் அமைந்தன. விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் நாளொன்றுக்கு 20 டன் பிடிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நெய்வேலியின் 1,000 மெகாவாட் புதிய மின்நிலையம் முழு ஆற்றலுடன் ஓடினால், மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் டன் கரியமில வாயு வெளிப்படும். அந்த 20 டன், ஒன்றேகால் நிமிடப் புகைக்கு ஈடு.

நார்வேயின் வரியைப் போன்ற ஒன்று நம் நாட்டிலும் இருந்தது. 2010-இல் நிலக்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை விதித்துத் தூய எரிசக்திக்கென நிதி திரட்டினார்கள். 2016-இல் அது 400 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது, அத்தொகை மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டத் திருப்பப்பட்டது; 2025 செப்டம்பரில் தீர்வையே நீக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரி மாத வரவுசெலவுத் திட்டத்தில் வாயு பிடிக்கும் தொழிலுக்கென 20,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. மின்சாரம், எஃகு, சிமெண்ட், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, இரசாயனம் என்னும் ஐந்து தொழில்களுக்கும் அது பொது. அதன் காலம் ஐந்தாண்டு.